சம்பங்கி பேரில் போன ரத்தம்

கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறுகிறவர்களுக்கு வாணியைவிட அவள் பெட்டியை நன்றாகத் தெரியும். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. சுற்றிலும் பழுப்பு டேப். உட்கார இடம் கிடைத்தால் மடியில் வைத்துக்கொள்வாள். கிடைக்காவிட்டால் இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பெங்களூர் வரை நின்றே போவாள்.

"இன்னா வாணி, இன்னிக்கு வஞ்சிரமா, நெத்திலியா?" என்று சீட்டாடுகிற கும்பலிலிருந்து ஒருவன் கேட்பான்.

"உங்க நைனாவோட ரத்தம். வேணுமா?"

"அய்ய, வாணாம். அதுல பாதி சாராயம்."

அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அவன் அப்பாவின் ரத்தமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மூடிப்போன கோலார்த் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை செய்து, கல்தூள் நுரையீரலில் படிந்து, இப்போது நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கி நிற்கிற நாற்பது பேரின் ரத்தத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வாணியின் வேலை. ஒரு ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் ராதிகா அந்த ஆய்வை நடத்தினார். தூள் உள்ளே போன எல்லாருக்கும் நோய் ஒரே வேகத்தில் முற்றுவதில்லை. சிலர் இருபது வருஷம் தள்ளுகிறார்கள், சிலர் மூன்றே வருஷத்தில் முடிந்துபோகிறார்கள். ஏன் என்று ரத்தத்தைக் கேட்பதுதான் ஆய்வு.

வாணியின் அப்பா மூன்றே வருஷத்தில் முடிந்த கட்சி. துளை போடுகிற மெஷின் பிடித்தவர். ஐம்பத்தோரு வயதில் படுத்தார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது. மூச்சுத் திணறுகிறவரைப் படுக்க வைக்கக் கூடாது, ஸ்டூலில் தலையணை போட்டு அதன்மேல் குனிந்து சாய வைக்க வேண்டும், முகத்துக்கு நேரே காற்று படவேண்டும், சோற்றைக் கஞ்சியாக்கிக் கால் டம்ளராகக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள் யாரிடமும் படிக்காமல் தெரிந்துகொண்டாள். அவர் போன பிறகு மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷ நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தபோது, பாதிப் பாடம் தெரிந்ததாகவே இருந்தது.

கல்யாணமும் ஆனது. ஆறாம் வருஷம், ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறொரு வீடு வைத்துக்கொண்டான். அவள் தேடிப் போகவில்லை. "தனியா வந்தா சோறு கெடைக்கும், இட்டுக்கினு வந்தா கெடைக்காது" என்று அவன் அக்காவிடம் சொல்லியனுப்பினாள். அவன் வரவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நர்ஸிங் ஹோம்களிலும், பெங்களூரில் படுக்கையோடு கிடக்கிற பெரியவர்கள் வீட்டிலும் வேலை. அந்த வருஷங்களில் அவள் கைக்கு ஒரு பேர் வந்தது. மற்றவர்கள் மூன்று முறை குத்தியும் கிடைக்காத ரத்தக்குழாயை வாணி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக் கண்டுபிடிப்பாள். நாற்பத்தோராவது வயதில் ராதிகாவின் ஆய்வில் அவளைச் சேர்த்துக்கொண்டதும் அந்தக் கைக்காகத்தான்.

ராதிகாவும் இந்த ஊர்க்காரர்தான். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் அப்பா எஞ்சினியர். குவார்ட்டர்ஸில் பிறந்து பதினெட்டு வயதுவரை அங்கேயே படித்தவர். ஆனால் முதல் நாள், சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் கோரமண்டல் லைன் வீடுகளுக்கு வழி கேட்டார்.

"ரெண்டு மைல் மேடம். இத்தினி வருஷத்துல ஒரு தபா கூட வரலியா?" என்று வாணி கேட்டாள்.

"வர வேண்டிய வேலை வரலை" என்றார் ராதிகா. பிறகு, "வந்திருக்கணும்" என்றார். அந்த இரண்டாவது வார்த்தைக்காக வாணிக்கு அவரைப் பிடித்துப்போனது.

பெட்டி போய்ச் சேருகிற இடம், ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பொதுக்கூடம். ரத்தத்தை ஆராய அங்கே இருந்த மெஷினை எந்த ஒரு ஆராய்ச்சிக் குழுவும் தனக்கென்று வாங்கிவிட முடியாது. அதனால் பெங்களூரில் உள்ள பல குழுக்களும் ஆஸ்பத்திரிகளும் முன்பதிவு செய்து அதையே பங்குபோட்டுக்கொண்டன. ஆண்டர்சன்பேட்டை ஷேர் ஆட்டோ மாதிரிதான். ஆள் நிறைந்தால்தான் வண்டி புறப்படும். நம் குழாய்கள் பதினாறு என்றால், இன்னும் யார் யாருடையதோ முப்பதைச் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓட்டுவார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போகும் துணியில் வார்டு வாரியாகக் குறி போடுவதைப் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கோத்துவிடுவார்கள். வெளியே வந்ததும் குறியைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவன் மஞ்சுநாத். அந்தக் கூடத்தின் டெக்னீஷியன். கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரன், தமிழும் பேசுவான்.

"ஆர்.என்.ஏ., ஆர்.என்.ஏ.ன்றீங்களே, அது இன்னா? டி.என்.ஏ. மாதிரியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"டி.என்.ஏ. மாறாது அக்கா. பிறந்ததுலயிருந்து சாகற வரைக்கும் அதேதான். ஃபேக்டரியில மொத்தம் எத்தனை பேர் வேலைக்காரங்கன்னு லிஸ்ட் இருக்குமே, அது. ஆர்.என்.ஏ. இன்னிக்கு ஷிப்டுக்கு யார் யார் வந்தாங்கன்னு எழுதறாங்களே, அது."

"மஸ்டர் ரோல்."

"ஆங், அதே! யாரு வந்தாங்க, யாரு லீவு, யாரு ஓவர்டைம். அதைத்தான் மெஷின் படிக்குது. ஆனா ரொம்ப மெல்லிசு. கையுறை இல்லாம விரல் பட்டாலே செத்துப்போகும்."

அதற்குப் பிறகு அவள் வேலையில் இன்னும் கவனமாக இருந்தாள். ரத்தம் பிடிக்கிற குழாயில் முன்கூட்டியே மருந்து ஊற்றியிருப்பார்கள். எடுத்த உடனே பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, பிறகு குளிரில். கோரமண்டலில் ஆய்வுக்காக வாடகைக்குப் பிடித்திருந்த அறையில் ஃப்ரீசர் இருந்தது. மறுநாள் காலை பெட்டியில் ஐஸ், ரயில், கீழ்த்தளம். முதல் இரண்டு சுற்றில் எண்பது குழாய். ஒன்றுகூடக் கெடவில்லை.

மூன்றாவது சுற்றில்தான் சம்பங்கியிடம் சிக்கியது.

பட்டியலில் முப்பத்தோராவது ஆள். அறுபத்தாறு வயது. வாணியின் அப்பாவோடு ஒரே ஷாஃப்ட் குழியில் இறங்கியவர். அவளுக்கு மாமா முறை. ஒரு காலத்தில் சுரங்கத்தில் இறக்குகிற கூண்டான கேஜில் ஏறும்போது பாட்டெடுத்து விடுகிற ஆள் என்பார்கள். இப்போது மூக்கில் குழாய். அந்தக் குழாயின் மறுமுனையில் அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின், இரவும் பகலும் குளிர்ப்பெட்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. யாரோ நன்கொடையாகத் தந்த அப்படிப்பட்ட மெஷின் ஆய்வுக்கு ஐந்துதான் வந்திருந்தது. மிகவும் முடியாத ஐந்து பேர் வீட்டில் வைத்திருந்தார்கள். காத்திருப்பவர்கள் பதினொரு பேர். நாலு சுற்று ரத்தமும் கொடுத்தால் மெஷின் வீட்டிலேயே இருக்கும். ஒரு சுற்று விட்டுப்போனால் ஆள் ஆய்விலிருந்து நீங்குவார், மெஷின் அடுத்தவருக்குப் போகும். விதியை எழுதியது ராதிகா இல்லை. ஆனால் அது எழுதப்பட்டிருந்தது.

அன்று பிப்ரவரி, பகல் பதினொரு மணி. சம்பங்கியின் மனைவி தாயம்மா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள். வாணி அதை அவர் கையில் சுற்றினாள், தட்டினாள், கையைத் தொங்க விட்டாள். வலது முழங்கை மடிப்பில் ஒன்றுமில்லை. இடதிலும் இல்லை. புறங்கையில் குத்தினாள். ரத்தக்குழாய் வழுக்கி ஓடியது. இன்னொரு முறை. நாலு சொட்டு வந்து நின்றது. விதிப்படி ஒருவருக்கு இரண்டு முறைதான் குத்தலாம்.

சம்பங்கி, பாறைக்குள் தங்கம் ஓடுகிற கோட்டைச் சொல்வது போல, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாகச் சொன்னார். "அந்த... ரீஃப்... தீந்துபோச்சும்மா. வேற... எடம்... தோண்டு."

"சும்மா குந்து மாமா. பேசாத."

பாதத்தைப் பார்த்தாள். வீங்கியிருந்தது, விரல் வைத்தால் குழி விழுந்தது. ஊசியை மூடிக் கீழே வைத்தாள். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அவர் கையில் ரத்தம் கட்டிய இரண்டு நீலத் தடங்கள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கெடைக்கலயா?" என்றாள் தாயம்மா.

"கெடைக்கல அத்தே."

"கெடைக்கலன்னா?"

தாயம்மா மெஷினைப் பார்த்தாள். அவள் ஒல்லி, உயரம், அறுபது வயது. சுரங்கம் மூடி இவருக்கு வேலை போன பிறகு பூதிகோட்டைப் பக்கம் கல் உடைக்கிற க்ரஷருக்குப் பன்னிரண்டு வருஷம் லாரியேறிப் போய் வந்து குடும்பத்தை ஓட்டியவள். யோசித்து நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வாணிக்கு எதிரில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, தன் கையை நீட்டினாள்.

"என்துல எடு."

"இன்னா அத்தே நீ!"

"இன்னா இன்னா? உங்க மாமாக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ இவர் தம்பிதான் இவர் டோக்கனை எடுத்துக்கினு கீழே எறங்கினாரு, பத்து நாளு. உங்க நைனாக்கு யாரும் எறங்கலயா? எல்லா வூட்லயும் நடந்ததுதானே. ஷிப்ட் விழக்கூடாது. டோக்கன் போவணும், அவ்ளோதான். ஆள் யாரா இருந்தா இன்னா?"

அது உண்மை. பித்தளை டோக்கனை நீட்டினால் விளக்கறையில் விளக்குக் கொடுப்பார்கள். முகத்தைப் பார்க்கிற மேஸ்திரி பார்க்காதது போல நிற்பார். படுத்தவனுக்காக அண்ணனோ தம்பியோ மச்சானோ இறங்குவது லைன் வீடுகளில் ஒருவரும் தப்பு என்று நினைக்காத காரியம். வாணியின் சித்தப்பா அவள் அப்பாவின் டோக்கனில் இறங்கியிருக்கிறார்.

வாணிக்குத் தெரியும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது, குழாயில் எழுதுகிற பேர் யாருடையதோ ரத்தமும் அவருடையதாக இருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அப்போது கேட்டதெல்லாம் மெஷினின் உறுமல்தான். அது நின்றால் இந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். தன் வீட்டில் கேட்டிருக்கிறாள்.

தாயம்மாவின் ரத்தக்குழாய் கயிறு மாதிரி எழும்பி நின்றது. ஒரே குத்து. குழாய் நிறைந்தது. பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தினாள். மேலே ஏற்கெனவே ஒட்டியிருந்த சீட்டில் முப்பத்தொன்று என்று இருந்தது.

"பாத்தியா, எவ்ளோ ஜல்தியா முடிஞ்சிது" என்றாள் தாயம்மா.

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த சம்பங்கி கடைசிவரை திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கீழ்த்தளத்தில் மஞ்சுநாத் தர அளவைப் பார்த்துவிட்டு, "முப்பத்தோராம் குழாய் பத்துக்கு எட்டு புள்ளி நாலு, அக்கா. ஏ கிளாஸ். உங்க கை மாதிரி கை இல்ல" என்றான். வாணி பெட்டியை மூடிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். நேரம் ஆகவில்லை.

ஏப்ரல் மாதம் ராதிகா அவளைப் பெங்களூருக்கு வரச் சொன்னார். பெட்டி இல்லாமல் அவள் ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. போனபோது கீழ்த்தளத்துக் கண்ணாடி அறையில் ராதிகா உட்கார்ந்திருந்தார். மஞ்சுநாத் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு பிரச்சினை வாணி. மூணாவது சுற்று முடிவு வந்திருக்கு. முப்பத்தோராம் நம்பர் ஆம்பளை இல்லை."

வாணி கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"உடம்புக்குள்ள ஒரு ஜீன் இருக்கு. பொம்பளைங்க உடம்புல மட்டும்தான் அது வேலைக்கு வரும். ஆம்பளைங்ககிட்ட வரவே வராது. இதுல நல்லா வந்திருக்கு. அப்ப இது சம்பங்கியோட ரத்தம் இல்லை. இங்க எங்கேயோ குழாய் மாறியிருக்கு."

"நான் மூணு தடவை சரி பார்த்தேன் மேடம்" என்றான் மஞ்சுநாத்.

"அதை விசாரணையில சொல்லு" என்றார் ராதிகா. குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

விசாரணை முடியும்வரை மஞ்சுநாத் மெஷினைத் தொடக் கூடாது என்று மேலிடம் சொல்லியிருந்தது. அதே ஓட்டத்தில் இருந்த அத்தனை முடிவுகளையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒன்று மாறியிருந்தால் மற்றதும் மாறியிருக்கலாம். வாணியைக் கூப்பிட்டது, அவளுடைய பக்கத்துக் குறிப்பேடுகளை ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அவள்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. குறிப்பேட்டில் எல்லாம் சரியாக இருந்தது. சம்பங்கி, பதினொன்று நாற்பது, இடது கை, ஒரே முறை.

நடுவில் மஞ்சுநாத் அவளை டீ குடிக்க வெளியே கூட்டிப்போனான்.

"ஒன்பது வருஷம் அக்கா. என் கையில ஒரு குழாய் மாறினதில்ல."

"அந்த ஓட்டத்துல வேற யாருது இருந்துது?"

"ஒரு காலேஜோட எலி. அது போனாப் போகட்டும். மீதி பத்தொன்பது குழந்தைங்க. ரத்தப் புத்துநோய். எந்த மருந்து குடுக்கலாம்னு இதைப் பாத்துத்தான் சொல்வாங்களாம். ஆஸ்பத்திரியிலருந்து தினம் போன் வருது."

"திரும்ப ஓட்ட முடியாதா?"

"இடம் கிடைக்க ஒரு மாசம் ஆகும். அதுவும் சில குழந்தைங்களோடது மிச்சம் இல்ல. மறுபடி எலும்புல ஊசி போட்டு எடுக்கணும்."

எலும்பில் ஊசி போடும்போது குழந்தையை அமுக்கிப் பிடிக்கிற வேலையை வாணி செய்திருக்கிறாள். நாலு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பது அப்படிப் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். டீயை வாயில் வைக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா?"

"உள்ள வா. நீயும் கேளு."

கண்ணாடி அறைக்குள் போய், உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், நின்றபடியே சொன்னாள். யார் ரத்தம், எப்போது, எந்தக் கை, எல்லாம். டோக்கன் கதையைச் சொல்லவில்லை. அது காரணம் சொல்வது போல இருக்கும்.

"ஏன்?" என்றார் ராதிகா.

"மாமாக்கு நரம்பு கெடைக்கல மேடம்."

"கிடைக்கலன்னா கிடைக்கலன்னு எழுதணும்."

"எழுதியிருந்தா ஆக்சிஜன் மெஷின் பூடும்."

ராதிகா குறிப்பேட்டை மூடினார். பிறகு, "நூற்றிருபது குழாய் கொண்டுவந்திருக்கீங்க. இப்ப அத்தனையையும் சந்தேகப்படணும்" என்றார்.

"மத்ததெல்லாம் சரிதான் மேடம்."

"அதை நான் எப்படி நம்பறது?"

மஞ்சுநாத் அவள் பக்கம் பார்க்காமல் வெளியே போனான். போய்ப் போன் எடுத்து, ஆஸ்பத்திரிக்கு முடிவுகளை அனுப்பலாம் என்று யாரிடமோ சொல்வது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டது. சொல்லி முடித்துவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

அவள் கிளம்பும்போது ராதிகா நிறுத்தினார். கம்ப்யூட்டர்த் திரையைத் திருப்பிக் காட்டினார். திரை நிறையப் புள்ளிகள்.

"இந்தப் பக்கம் இருக்கறவங்க ஓரளவு நல்லா இருக்கறவங்க. அந்த மூலையில கூட்டமா இருக்கறவங்க, நோய் ரொம்ப முத்தினவங்க. நீங்க எடுத்தீங்களே, அந்த அம்மா..."

அவர் விரல் வைத்த புள்ளி மூலைக் கூட்டத்தில் இருந்தது.

"ஒரே ஒரு ஆளை வெச்சு எதையும் சொல்ல முடியாது. வேற காய்ச்சல் கூட இருந்திருக்கலாம். ஆனா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க."

"ஆய்வுல சேத்துக்குவீங்களா?"

"பூமிக்கடியில வேலை செஞ்ச ஆம்பளைங்கன்னுதான் அனுமதி வாங்கியிருக்கு."

வாணியின் வேலை அன்றோடு போனது. சம்பங்கியின் பேர் நீங்கியது. மெஷினை எடுக்க மறுநாள் வேன் வருவதாக இருந்தது. தெரியாத ஆள் வந்து பிடுங்கிப் போவதைவிடத் தானே வருவதாக வாணி கேட்டுக்கொண்டாள். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

காலையில் வேனுக்கு முன்பே போய்த் தாயம்மாவிடம் வாசலில் வைத்துச் சொன்னாள். தாயம்மா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"அவங்க கேட்டதும் சொல்லிட்டியா, கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டியா?"

"கேக்கறதுக்கு முன்னாடி."

"அடிப்பாவி."

பத்தொன்பது குழந்தைகளைப் பற்றி வாணி சொன்னாள். தாயம்மா, "ஊர்ல எல்லாக் கொழந்தையும் நல்லா இருக்கட்டும். எம் புருசன் எப்டி மூச்சு உடறது?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். சண்டை போடுவாள் என்று வாணி நினைத்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாயம்மா ஈரத்துணி எடுத்து மெஷினைத் துடைத்தாள், அடிச்சக்கரம் வரைக்கும். பிறகு புருஷனின் மூக்கிலிருந்து தானே குழாயை எடுத்தாள்.

"வேற வூட்டுக்குப் போவுதாம். அழுக்கா அனுப்பக் கூடாது" என்றாள் அவரிடம்.

சம்பங்கி தலையாட்டினார். மெஷின் நின்றதும் வாணி அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் ஸ்டூல், அதன்மேல் இரண்டு தலையணை, கைகளை மடக்கி அதில் சாய வைத்தாள். ஃபேனை முகத்துக்கு நேரே இழுத்து வைத்தாள். கையில் அது ஒன்றுதான் இருந்தது.

மெஷின் ஆண்டர்சன்பேட்டையில் மாணிக்கராஜ் வீட்டுக்குப் போனது. அவரும் அதே ஷாஃப்ட். பொருத்திக் காட்டத் தெரிந்தவள் வாணி மட்டும் என்பதால் அவளே பொருத்தினாள். மாணிக்கராஜின் மனைவி அதற்குமேல் சிலுவை போட்டாள். ஐந்து நிமிஷத்தில் அவர் உதட்டு நீலம் குறைந்து, முகத்தில் களை வந்தது.

"யாரு வூட்டுது இது?"

வாணி டியூபைச் சரிசெய்தாள்.

"சம்பங்கியா? போய்ட்டானா அவன்?"

"இல்ல."

மாணிக்கராஜ் அவளையே பார்த்தார். பிறகு கையை உயர்த்தி மூக்கிலிருந்து குழாயை இழுத்துப் போட்டார். மனைவி அதை எடுத்துத் திரும்ப மாட்டினாள். மறுபடி இழுத்தார், மறுபடி மாட்டினாள். மூன்றாவது தடவை இழுக்க அவருக்குத் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகு வாணி தினமும் சம்பங்கி வீட்டுக்குப் போனாள். முதல் மூன்று நாள் தாயம்மா அவளிடம் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நாலாவது நாள் வாணி, "அத்தே, ஒன் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்" என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள்.

"எனக்கா? நான் ஷாஃப்ட் பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்லயே."

"க்ரஷர்ல பன்னெண்டு வருசம் இன்னாத்த உட்ட உள்ள? அதுவும் கல்லுதான்."

"முந்தானையைக் கட்டிக்கினுதான்டி வேலை செஞ்சோம்."

"முந்தானை இன்னாத்துக்காவும்?"

தாயம்மா கீழே பார்த்தாள். "படி ஏறுனா கொஞ்சம் வாங்குது. வயசுன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம், "இவரை உட்டுட்டு எங்க போறது?" என்றாள்.

"நான் குந்திக்கினு கீறேன். எனக்குத்தான் இப்ப வேலை இல்லயே."

தாயம்மாவின் உதடு லேசாக வளைந்தது. "அதுக்கும் நான்தான் காரணமா?"

"பாதி நீ, பாதி நான்."

ஒன்பதாவது நாள், வியாழக்கிழமை, தாயம்மா அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். போகும்முன் புருஷனுக்குக் கால் டம்ளர் கஞ்சி கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டுப் போனாள்.

பத்தரை மணிக்குச் சம்பங்கியின் மூச்சு மாறியது. வேகமாக நாலு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு வேகமாக நாலு. வாணி அதை எத்தனையோ படுக்கையில் பார்த்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் வந்து சேர முக்கால் மணி, வழியில் குலுங்கல். அவள் கூப்பிடவில்லை. அவர் பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தன் நெஞ்சில் அவர் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அப்படிச் சாய்த்தால் கொஞ்சம் சுலபம்.

அவர் என்னவோ சொல்ல வந்தார். "தாயி..." என்பது மட்டும் வந்தது.

"வந்துடும் மாமா. தோ, வந்துக்கினே கீது."

பதினொன்று பத்துக்கு இடைவெளி நீண்டு, அடுத்த நாலு வரவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி அவரைப் படுக்க வைத்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் முதுகு முழுக்கப் படுக்கையில் படிந்தது. இமைகளை விரலால் மூடி, மூடியபடி நிற்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள். துண்டைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். கால்களை நேராக்கிக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். நேரம் கழிந்தால் விறைத்துவிடும், அப்புறம் கஷ்டம். முகத்தையும், ஊசி குத்திய அந்தக் கையையும் துடைத்தாள்.

அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அழுகைச் சத்தம் தெருமுனையிலேயே தாயம்மாவுக்குச் சொல்லிவிடும். அது வாணி சொல்ல வேண்டியது.

பன்னிரண்டரைக்குத் தாயம்மா வந்தாள். வெயிலில் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து நடந்து வந்திருந்தாள். கையில் பெரிய பழுப்பு உறை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கினாள். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாக வந்தது.

"ரெண்டு மணி நேரம்... நிக்க வெச்சிட்டான்... ரெண்டு பக்கமும் வெள்ளையா கீதுன்றான்... மாத்திரை... எழுதிக் குடுத்தான்." நின்றாள். "இவரு எப்டி கீறாரு?"

வாணி எழுந்து போய் அவள் கையிலிருந்து உறையை வாங்கினாள். அதை இரும்புப் பெட்டியின்மேல் வைத்தாள். பிறகு அவள் இரண்டு முழங்கைகளையும் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல குந்து அத்தே" என்றாள்.